பெட்டியும் அம்பும் போதாது: மாடலிங் மொழிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு புராஜெக்டில் வெள்ளைப் பலகையில் இரண்டு பெட்டி வரைந்தோம். ஒன்றில் சென்சார், இன்னொன்றில் கட்டுப்பாட்டு மென்பொருள், நடுவே ஓர் அம்பு. எல்லோரும் தலையாட்டினோம், மொபைலில் படம் எடுத்துக்கொண்டு கலைந்தோம். சில வாரம் கழித்து இரண்டு பகுதியையும் இணைத்துப் பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. பிழைச் செய்திகூட வரவில்லை. யாராவது கேட்டால் அளவைச் சொல்வோம் என்று சென்சார் பக்கம் காத்திருந்தது. அளவு தானாக வந்து சேரும் என்று மென்பொருள் எழுதிய என் பக்கம் காத்திருந்தது. தரவு எந்தத் திசையில் போகிறது என்பதை அந்த அம்பு சரியாகத்தான் சொன்னது. பேச்சை யார் தொடங்க வேண்டும் என்பதை மட்டும் அது சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மாடலிங் மொழி என்பது இந்த ஓட்டையை அடைக்க வந்தது. எந்தக் குறிக்கு என்ன பொருள், எதை எதோடு இணைக்கலாம், எதை இணைக்கக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பதால்தான் அதை மொழி என்கிறோம். அழகாக வரைந்த படத்துக்கும் மாடலுக்கும் உள்ள வித்தியாசமும் அதுதான்: படத்தில் கோடு என்பது வெறும் கோடு, மாடலில் ஒவ்வொரு கோடும் ஒரு வாக்கியம்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன்: லிஃப்ட். அதில் மென்பொருள் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, எடை இருக்கிறது, உள்ளே மனிதர்களும் இருக்கிறார்கள். அதனால் மென்பொருள்காரர்களுக்கும் சிஸ்டம்ஸ் இன்ஜினியர்களுக்கும் ஒரே சமயத்தில் பயன்படும்.

## இவ்வளவு மொழிகள் எதற்கு?

வேலையைப் பெட்டியும் கோடுமாக வரைவது கணினிக்கும் முந்தைய பழக்கம். ஃபிராங்க், லிலியன் கில்பிரெத் தம்பதி 1921-லேயே தொழிற்சாலை வேலைகளைப் படிப்படியாகக் காட்டும் வரைமுறை ஒன்றை அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் முன்வைத்தார்கள். 1947-இல் கோல்ட்ஸ்டைனும் வான் நாய்மனும் கணினி நிரலை விளக்க ஃப்ளோ டயகிராம் வரைந்தார்கள். ஒரே நேரத்தில் பல வேலைகள் ஓடும் சிஸ்டங்களுக்கு கார்ல் ஆடம் பெட்ரி 1962-இல் தன் ஆய்வேட்டில் ஒரு வலை அமைப்பைத் தந்தார். டேட்டாபேஸ் வடிவமைக்கும் எவரும் பயன்படுத்தும், எந்தத் தரவுக்கும் எந்தத் தரவுக்கும் என்ன உறவு என்று காட்டும் ஈஆர் டயகிராம், 1976-இல் பீட்டர் சென் எழுதிய கட்டுரையில் பிறந்தது.

1990-களின் தொடக்கத்தில் நிலைமை கொஞ்சம் வேடிக்கையானது. ஆப்ஜெக்ட் சார்ந்த வடிவமைப்புக்கு ஆளுக்கொரு குறியீடு. கிரேடி பூச் கிளாஸை (ஒரே வகை ஆப்ஜெக்ட்களுக்கான வார்ப்பை) மேகம் போல வரைந்தார். ஜேம்ஸ் ரம்பா பெட்டியாக வரைந்தார். 1994-இல் ரம்பா, பூச் இருந்த ரேஷனல் நிறுவனத்துக்கே வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு, சிஸ்டத்தை யார் எதற்குப் பயன்படுத்துகிறார் என்று எழுதும் யூஸ் கேஸ் முறையோடு இவார் ஜேக்கப்சனும் வந்தார். மூவர் குறியீடும் ஒன்றாகி யூஎம்எல் (ஒருங்கிணைந்த மாடலிங் மொழி) ஆனது. 1997-இல் ஓஎம்ஜி என்ற தர அமைப்பு அதை ஏற்றுக்கொண்டது. மேகம் தோற்றது, பெட்டி ஜெயித்தது. கையால் வரைகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதியாகத்தான் இருந்திருக்கும்.

இன்றைய யூஎம்எல்லில் 14 வகை டயகிராம் உண்டு. ஏழு கட்டமைப்பைக் காட்டும், ஏழு நடத்தையைக் காட்டும். பதினான்கையும் கற்க வேண்டாம். மென்பொருள் மட்டும் எழுதுகிறவருக்கு கிளாஸ் (உறுப்புகள்), சீக்வென்ஸ் (உரையாடல்), ஸ்டேட் மெஷின் (நிலைகள்) ஆகிய மூன்றும் பெரும்பாலான நாட்களுக்குப் போதும்.

இயந்திரம், மின்சுற்று, மென்பொருள், மனிதர் எல்லாம் சேர்ந்த சிஸ்டத்துக்கு யூஎம்எல் பத்தாது. அதற்காக வந்தது சிஸ்எம்எல் (சிஸ்டம்ஸ் மாடலிங் மொழி). 2007-இல் அதன் முதல் பதிப்பு வெளியானது. யூஎம்எல்லில் வேண்டாததைக் கழித்து, தேவைகளுக்கு ஒன்றும் கணக்குகளுக்கு ஒன்றுமாகப் புதிதாக இரண்டு டயகிராம் சேர்த்து, மொத்தம் ஒன்பதில் நிறுத்தினார்கள். அலுவலக வேலை எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்று காட்டுவதற்கு பிபிஎம்என். மென்பொருளின் மொத்த அமைப்பைப் புதிதாக வந்தவருக்கு விளக்க மட்டும் வேண்டுமென்றால் சைமன் பிரவுனின் சி4 முறை: சூழல், கன்டெய்னர் (தனியாக இயங்கும் செயலி, டேட்டாபேஸ் போன்றவை), காம்பொனென்ட் (அதன் உள்பகுதி), கோட் என்று நான்கு மட்டத்தில் நெருங்கிப் போகும் வரைபடங்கள். நடைமுறையில் முதல் இரண்டு மட்டத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது; நான்காவது மட்டம் வரைந்த வாரமே பழசாகிவிடும்.

## படி 1: கேள்வியை எழுதுங்கள்

"லிஃப்ட்டுக்கு ஒரு டயகிராம் போடு" என்று யாராவது சொன்னால் பேனாவை எடுக்காதீர்கள். எந்தக் கேள்விக்கு இந்தப் படம் பதில் சொல்லப் போகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். "கதவு மூடும்போது யாராவது குறுக்கே வந்தால் என்ன ஆகும்?" என்பது ஒரு கேள்வி. "மோட்டார் எவ்வளவு பெரியது வேண்டும்?" என்பது இன்னொன்று. முதலாவதுக்கு ஸ்டேட் மெஷின், இரண்டாவதுக்குக் கணக்கு டயகிராம். இரண்டுக்கும் ஒரே படத்தில் பதில் சொல்லப் போனால் சுவர் நிறைய ஒட்டும்படி ஒன்று வரும். யாரும் அதைப் படிக்க மாட்டார்கள்.

எழுதிய கேள்வியே படத்தின் தலைப்பாக இருக்கட்டும். "லிஃப்ட் டயகிராம் 3" என்ற தலைப்பு யாருக்கும் உதவாது.

## படி 2: எல்லை

சிஸ்டத்துக்கு ஒரு பெட்டி. அதற்கு வெளியே அதைத் தொடும் எல்லோரும். லிஃப்ட்டுக்கு வெளியே பயணி, பராமரிப்பு ஊழியர், தீயணைப்பு வீரர். கட்டடத்தின் தீ எச்சரிக்கை அமைப்பும் வெளியேதான் இருக்கிறது. அது மனிதர் அல்ல என்றாலும் யூஎம்எல் பார்வையில் ஆக்டர்தான், அதாவது வெளியிலிருந்து சிஸ்டத்தைத் தொடும் ஒன்று.

யூஸ் கேஸ் டயகிராமில் முட்டை வடிவங்களை வரைவதில் நேரம் போக்க வேண்டாம். முட்டைக்குள் நாலு சொல்தான் எழுத முடியும். உண்மையான சரக்கு, ஒவ்வொரு யூஸ் கேஸுக்கும் கீழே நீங்கள் எழுதும் பத்து வரியில்தான் இருக்கிறது. ஒரு யூஸ் கேஸ் இன்னொன்றை உள்ளடக்குவதையும் நீட்டிப்பதையும் காட்டும் 'இன்க்ளூட்', 'எக்ஸ்டெண்ட்' கோடுகளை எந்தப் பக்கம் போடுவது என்று விவாதம் ஒரு மணி நேரம் ஓடினால், இரண்டையும் அழித்துவிட்டு அடுத்த படிக்குப் போய்விடுங்கள்.

## படி 3: உறுப்புகள்

சிஸ்டத்தில் என்னென்ன இருக்கிறது, எது எதற்குச் சொந்தம்? யூஎம்எல்லில் இது கிளாஸ் டயகிராம், சிஸ்எம்எல்லில் பிளாக் டெஃபினிஷன் டயகிராம். நாலு கோட்டை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். உள்ளீடற்ற முக்கோண முனை: 'இது அதில் ஒரு வகை'. முக்கோணம் பொது வகையின் பக்கம் இருக்கும். நிரப்பிய வைரம்: 'இது அதன் பாகம், அது போனால் இதுவும் போகும்'. வைரம் முழுமையின் பக்கம் இருக்கும். வெறும் கோடு: 'இவை ஒன்றையொன்று அறியும்'. புள்ளிக்கோடு அம்பு: 'அது மாறினால் இதுவும் மாற வேண்டி வரலாம்'.

நிரப்பாத வைரமும் ஒன்று உண்டு. அதன் பொருளைக் குழுவில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொல்வார்கள். நான் அதைப் பயன்படுத்துவதையே விட்டுவிட்டேன்.

கோட்டின் முனையில் எழுதும் எண்ணிக்கையைத் தவற விடாதீர்கள். லிஃப்ட் ஒன்றுக்குக் கூண்டு 1, தளக்கதவு 2..\*. அதாவது குறைந்தது இரண்டு, மேலே வரம்பில்லை. கூண்டுக் கதவு எத்தனை? ஒன்று என்று கை தானாக எழுதிவிடும். மருத்துவமனைகளில் முன்னும் பின்னும் திறக்கும் கூண்டுகள் உண்டு. 1..2 என்று எழுதிய அந்த நிமிடமே 'கதவைத் திற' என்ற கட்டளைக்கு 'எந்தக் கதவை?' என்று ஒரு அளபுரு (கட்டளையோடு தர வேண்டிய விவரம்) சேர்ந்துவிடுகிறது. இதைக் கோட் எழுதி முடித்தபிறகு கண்டுபிடித்திருந்தால் எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

## படி 4: உரையாடல்

மேலே பங்கேற்பாளர்கள் வரிசையாக நிற்க, நேரம் மேலிருந்து கீழே ஓடுவது சீக்வென்ஸ் டயகிராம். இங்கே அம்பின் முனைக்கும் பொருள் உண்டு. முழுக்கோடு, நிரப்பிய முனை: கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்கிறேன். முழுக்கோடு, திறந்த முனை: சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போகிறேன். புள்ளிக்கோடு: பதில்.

நான் முதலில் சொன்ன சென்சார் கதையை இதில் வரைந்திருந்தால் இரண்டே நிமிடத்தில் முடிந்திருக்கும். முதல் அம்பை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று பேனா நின்றிருக்கும். அந்த இடத்தில் கேள்வியும் வந்திருக்கும்.

ஒரு படத்துக்கு ஒரு சம்பவம் போதும். 'இப்படியா, அப்படியா' என்பதைக் காட்டும் 'ஆல்ட்', திரும்பத் திரும்ப நடப்பதைக் காட்டும் 'லூப்' ஆகிய கட்டங்களை ஒன்றுக்குள் ஒன்றாக மூன்றடுக்கு போடத் தொடங்கினால் நீங்கள் வரைவது உரையாடல் அல்ல, நிரல். அதற்கு நிரலே மேல்.

## படி 5: நிலைகள்

ஒரே ஒரு டயகிராமைத்தான் கற்க நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். நிலைகளையும் மாற்றங்களையும் வரைவது பழைய விஷயம். அதைப் பெரிய சிஸ்டங்களுக்குத் தாங்கும்படி ஆக்கியவர் இஸ்ரேலைச் சேர்ந்த டேவிட் ஹாரெல். 1980-களில் போர் விமானத்தின் கட்டுப்பாட்டு அமைப்பை உருவாக்கிக்கொண்டிருந்த பொறியாளர்களுக்கு ஆலோசகராக இருந்தபோது ஸ்டேட்சார்ட் முறையை வகுத்தார். 1987-இல் கட்டுரையாக வந்தது. யூஎம்எல்லின் ஸ்டேட் மெஷின் அதன் வாரிசு.

லிஃப்ட்டுக்கு ஐந்து நிலை வைத்துத் தொடங்குவோம்: காத்திருக்கிறது, கதவு திறக்கிறது, கதவு திறந்திருக்கிறது, கதவு மூடுகிறது, நகர்கிறது. ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அம்பின் மேல் மூன்று விஷயம் எழுதலாம்: நிகழ்வு, சதுர அடைப்புக்குள் நிபந்தனை, சாய்கோட்டுக்குப் பிறகு செயல். இப்படி:

திறந்திருக்கிறது → மூடுகிறது: நேரம் முடிந்தது [எடை வரம்புக்குள்] / கதவு மோட்டாரை இயக்கு

மூடுகிறது → திறக்கிறது: தடை தெரிந்தது / கதவு மோட்டாரைத் திருப்பு

மூடுகிறது → நகர்கிறது: கதவு பூட்டியது [அழைப்பு இருக்கிறது] / லிஃப்ட் மோட்டாரை இயக்கு

மூடுகிறது → காத்திருக்கிறது: கதவு பூட்டியது [அழைப்பு இல்லை]

படம் வரைந்தவுடன் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். ஒரு அட்டவணை போடுங்கள். நிலைகள் வரிசையாக, நிகழ்வுகள் பத்தியாக. ஐந்து நிலை, ஆறு நிகழ்வு: பொத்தான் அழுத்தம், நேரம் முடிவு, தடை, கதவு பூட்டியது, தளம் வந்தது, எடை மிகுதி. மொத்தம் முப்பது கட்டம். நீங்கள் வரைந்த அம்புகள் அதில் பத்துப் பன்னிரண்டைத்தான் நிரப்பும். மீதிக் கட்டம் ஒவ்வொன்றிலும் 'கண்டுகொள்ளாதே', 'இது நடக்கவே முடியாது', 'ஐயோ, யோசிக்கவில்லை' என்ற மூன்றில் ஒன்றை எழுத வேண்டும்.

'எடை மிகுதி' பத்தியை மட்டும் மேலிருந்து கீழே பார்ப்போம். கதவு திறந்திருக்கும்போது எடை மிகுந்தால் மூடாதே, மணி அடி. இது எல்லோருக்கும் தெரியும். கதவு மூடிக்கொண்டிருக்கும்போது கடைசி நொடியில் ஒருவர் நுழைந்தால்? திரும்பத் திற. இதுவும் சரி. நகர்ந்துகொண்டிருக்கும்போது எடை மிகுதி வந்தால்?

'நடக்கவே முடியாது' என்றுதான் பயிற்சி வகுப்புகளில் பெரும்பாலானோர் எழுதுகிறார்கள். நகரும் லிஃப்ட்டில் யார் ஏறுவது? ஆனால் எடை சென்சார் பார்ப்பது தரையை அழுத்தும் விசையை. ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 1 மீட்டர் கூடும் முடுக்கத்தில் கூண்டு மேலே கிளம்பினால் அந்த விசை சுமார் 10 சதவீதம் கூடும். வரம்பை ஒட்டி ஆட்கள் நின்றால், கிளம்பிய கணத்தில் சென்சார் 'எடை மிகுதி' என்று கத்தும். அந்தக் கட்டத்தில் யாரும் ஒன்றும் எழுதவில்லையென்றால், புரோகிராமர் தனக்குத் தோன்றியதை எழுதுவார். அவசரமாக நிறுத்துவது பாதுகாப்பானது என்று அவருக்குத் தோன்றலாம். ஆட்கள் இரண்டு தளத்துக்கு நடுவே மாட்டிக்கொள்வார்கள். சரியான பதில் 'கண்டுகொள்ளாதே': எடையைக் கிளம்புவதற்கு முன்னால் பார்க்க வேண்டும், கிளம்பியபிறகு அல்ல.

ஹாரெல் தந்த இன்னொரு வசதி, நிலைக்குள் நிலை. தீ எச்சரிக்கை வந்தால் எந்த நிலையில் இருந்தாலும் லிஃப்ட் குறிப்பிட்ட தளத்துக்குப் போய்க் கதவைத் திறந்து நிற்க வேண்டும். ஐந்து நிலையிலிருந்தும் ஐந்து அம்பு வரையத் தேவையில்லை. ஐந்தையும் சுற்றி 'சாதாரண இயக்கம்' என்று ஒரு பெரிய பெட்டி போட்டு, அதன் விளிம்பிலிருந்து ஒரே அம்பைத் 'தீ நிலை'க்கு இழுத்தால் போதும். நாளைக்கு ஆறாவது நிலை சேர்ந்தாலும் அந்த அம்பு அதற்கும் பொருந்தும்.

## படி 6: எண்களும் தேவைகளும்

மென்பொருள் மட்டும் செய்கிறவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். சிஸ்டம்ஸ் வேலையில் இருப்பவர்கள் இங்கேதான் சிஸ்எம்எல்லின் தனித்தன்மையைப் பார்ப்பார்கள்.

கூண்டு 800 கிலோ, ஏற்றக்கூடிய எடை 600 கிலோ. லிஃப்ட்டின் மறுமுனையில் தொங்கும் எதிர்எடை, கூண்டின் எடையோடு சுமையில் ஏறக்குறைய பாதியைச் சேர்த்தது: 1,100 கிலோ. காலியாக இருந்தால் இரு பக்கத்துக்கும் வித்தியாசம் 300 கிலோ. நிரம்பினால் 1,400-க்கும் 1,100-க்கும் அதே 300. நொடிக்கு 1 மீட்டர் சீரான வேகத்தில், உராய்வைக் கணக்கில் எடுக்காமல், மோட்டார் தர வேண்டியது சுமார் 2.9 கிலோவாட். எதிர்எடை இல்லாவிட்டால் நிரம்பிய கூண்டுக்கு 13.7 கிலோவாட். முன்பு கணக்கு டயகிராம் என்று சொன்ன பாராமெட்ரிக் டயகிராம் இந்தச் சமன்பாட்டையே ஒரு பெட்டியாக்கி, அதன் ஒவ்வொரு மாறியையும் உண்மையான உறுப்பின் அளவோடு கட்டிவைக்கிறது. கூண்டின் எடையை யாராவது மாற்றினால் மோட்டார் தேர்வைத் தொடும் என்பது மாடலிலேயே தெரியும்.

அளவோடு அலகையும் எழுத சிஸ்எம்எல் இடம் தருகிறது. 1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயில் தொலைந்தது இந்த இடத்தில்தான். தரைநிலைய மென்பொருள் ஒன்று உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு-விசை நொடியில் தந்தது. அதை வாங்கிய பக்கம் நியூட்டன் நொடி என்று எடுத்துக்கொண்டது. ஒன்றுக்கொன்று நாலரை மடங்கு வித்தியாசம்.

ரிக்வயர்மெண்ட் (தேவைகள்) டயகிராமில் ஒவ்வொரு தேவைக்கும் எண் கொடுத்து, எந்த உறுப்பு அதை நிறைவேற்றுகிறது, எந்த டெஸ்ட் அதைச் சரிபார்க்கிறது என்று கோடு இழுப்பார்கள். தேவைகள் ஐம்பதைத் தாண்டினால் படமாகப் போடாதீர்கள். அட்டவணையாகவே கருவி காட்டும், அதுவே படிக்க எளிது.

## படி 7: கருவி

வரையும் கருவி வேறு, மாடலிங் கருவி வேறு. டிரா.ஐஓ போன்றவற்றில் 'கூண்டு' என்று மூன்று படத்தில் எழுதினால் அவை மூன்று தனிப் பெட்டிகள். என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட், பாபிரஸ், கேமியோ போன்றவற்றில் கூண்டு ஒன்றுதான். மூன்று படமும் அதன் மூன்று பார்வை. ஒரு இடத்தில் பெயர் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும். விலையும் கற்கும் நேரமும் அதற்கேற்ப இருக்கும். ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு, மாடல்களைப் பரிமாறுவதற்கான எக்ஸ்எம்ஐ கோப்பாக மாற்றலாம் என்று விளம்பரத்தில் சொல்வதை நம்பி முடிவெடுக்காதீர்கள். உங்கள் சொந்த மாடலில் ஒன்றை மாற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சிறிய மென்பொருள் குழுவுக்கு நான் சொல்வது பிளாண்ட்யூஎம்எல் அல்லது மெர்மெய்ட். படத்தை உரையாக எழுதினால் கருவியே வரைந்துவிடும். கோட் இருக்கும் களஞ்சியத்திலேயே படமும் இருக்கும்; யார் எந்த அம்பை எப்போது மாற்றினார் என்று வரலாறும் இருக்கும். 2022 முதல், கோட்டைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் மெர்மெய்டை நேரடியாகவே படமாகக் காட்டுகிறது. பெட்டி எங்கே விழும் என்பது மட்டும் உங்கள் கையில் இல்லை. அதோடு சண்டை போடாமல் இருக்கப் பழகுங்கள்.

2025-இல் ஏற்கப்பட்ட சிஸ்எம்எல் இரண்டாம் பதிப்பும் இந்த வழிக்கே வந்திருக்கிறது. அது யூஎம்எல்லின் மேல் கட்டியதல்ல. புதிய அடித்தளம், படத்தோடு உரை வடிவமும் அதிகாரபூர்வமானது. இப்போதுதான் சிஸ்எம்எல் கற்கத் தொடங்குகிறவர் இரண்டாம் பதிப்பிலேயே தொடங்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் பழைய புராஜெக்டில் சேர்கிறவர் முதல் பதிப்பையும் படித்துத்தான் ஆக வேண்டும்.

## படி 8: வாசிக்கச் சொல்லுங்கள்

படத்தை நீங்கள் விளக்காதீர்கள். அதை வரையாத ஒருவர் கையில் கொடுத்து, "இதைப் பார்த்து எனக்குச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் தயங்கும் இடம், தவறாகப் படிக்கும் இடம், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் தப்பாகப் படித்தால் தப்பு படத்துடையது.

இந்த லிஃப்ட் அட்டவணையை நான் பல முறை வகுப்பில் பயன்படுத்தியிருக்கிறேன். முப்பது கட்டமும் நிரம்பியது என்ற தைரியம் எனக்கு இருந்தது. ஒருமுறை, இயந்திரப் பராமரிப்பில் வேலை பார்த்தவர் ஒருவர் அதை வாசிக்கத் தொடங்கி முதல் வரியிலேயே நின்றுவிட்டார். "சார், தொடக்க நிலை 'காத்திருக்கிறது'ன்னு போட்டிருக்கீங்க. கரண்ட் போய்த் திரும்ப வரும்போது லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னா?" அப்போது கூண்டு எங்கே இருக்கிறது என்று மென்பொருளுக்குத் தெரியாது. மெதுவாக ஓட்டிப் பார்த்து ஒரு அடையாளப் புள்ளியைத் தொட்டபிறகுதான் தெரியும். 'இடம் தெரியவில்லை' என்று ஆறாவது நிலை, 'மின்சாரம் வந்தது' என்று ஏழாவது நிகழ்வு. முப்பது கட்டம் நாற்பத்திரண்டாகி, மறுபடியும் பன்னிரண்டு கட்டம் காலியாக இருந்தது.